ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும் சாகிறவர்

மனித உடம்பில் ரசிகன் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. ஈரலுக்குச் சற்று மேலே, இடது பக்கமாக. அந்த உறுப்பே இல்லாமல் பிறந்த முதல் தமிழன் வைகுண்டராஜ்.

கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் காலேஜ் கேண்டீனில், 1993-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், பரீட்சை முடிந்த அன்று இந்த உண்மை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவன் வைகுண்டராஜேதான். ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் மெக்கானிக்கல் பிரிவுக்கும் சிவில் பிரிவுக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு எழுந்ததே தவிர, அறிவிப்பின் சாரத்தை யாரும் மறுக்கவில்லை.

“ஏலே, நல்லாக் கேட்டுக்கிடுங்க,” என்றான் வைகுண்டராஜ், பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு. “கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துறவன், வெள்ளைத் துணியில விழுற வெளிச்சத்தப் பாத்துப் பேசுறவன், அதுல ஒருத்தன் செத்தா நெசமாவே மூக்கச் சிந்துறவன், இவங்க அம்புட்டுப் பேரும் தனி இனம். நம்ம உடம்புல அந்தச் சாமானே கிடையாது.”

இப்படிப்பட்ட ஓர் உடம்பை வைத்துக்கொண்டு அவன் லீவுக்கு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது, அவனுடைய தாய்மாமன் சோலைராஜ் வீட்டு வாசலில் ஒரு டிவிஎஸ் 50-யைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோலைராஜ் பரிபூரணம் டாக்கீஸின் மேனேஜர். அதே முதலாளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னப் பரிபூரணம் என்று இன்னொரு கொட்டகை. இரண்டு கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான் வரும். ராஜபாளையத்தில் ஒரு மணி நேரம் முன்னால் படத்தைத் தொடங்குவார்கள். ஓடி முடிந்த ரீல்களைச் சாக்கில் கட்டி டிவிஎஸ் 50-யில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போவார்கள். அங்கே ஓடும். இப்படியே போவதும் வருவதுமாக இரண்டு ஊரும் ஒரே படத்தைச் சாயங்காலக் காட்சியில் பார்த்து முடித்துவிடும். ரீல் தூக்குகிற ஆளுக்கு அம்மை போட்டிருந்தது.

“மாப்ள, ஒரு பத்துப் பதினஞ்சு நாளைக்கி நீ ஓட்டிரு,” என்றார் மாமா. “இன்ஜினியருக்குப் படிக்க. வண்டி நின்னா நீயே பாத்துக்கிடுவ.”

வைகுண்டராஜ் ஒப்புக்கொண்டான். வண்டி ஓட்டும் ஆசையால் அல்ல. ரசிக இனத்தைப் பக்கத்திலிருந்து ஆராய்ந்து, ஜூன் மாதம் கேண்டீனில் எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்பதால்.

படத்தின் பெயர் ‘மின்னல் பாலன்’. பாலன் என்ற பிளஸ் டூ பையன் மலைமேல் ஓர் அருவிக்குப் போகிறான். (அது அய்யனார் கோவில் அருவிதான் என்பதில் ராஜபாளையத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.) அங்கே அவன்மேல் இடி விழுகிறது. சாகவில்லை. பதிலுக்கு விரலிலிருந்து மின்னல் வர ஆரம்பிக்கிறது. கையை நீட்டினால் பக்கத்து வீட்டு டிரான்ஸ்பார்மர் வெடிக்கிறது. ஒருகாலத்தில் இதே வித்தையை வைத்திருந்து, இப்போது சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பாலனுக்குக் கையை மடக்கச் சொல்லிக் கொடுக்கிறார். பையன் அவரை மாஸ்டர் என்பான். பதிமூன்றாவது ரீலில் மாஸ்டர் பையனுக்கு விழ வேண்டிய இடியைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, அவன் மடியில் சாகிறார். பிறகு பையன் வில்லனை அழிக்கிறான்.

கதை இவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாலனாக நடித்தவன் ஒரு புதுப் பையன். மாஸ்டராக நடித்தவர் ‘தளராத சிங்கம்’ ஜெயசேகரன். முப்பது வருஷமாக ஒரு படத்திலும் சாகாதவர். வில்லன் கையால் ஒரு கீறலுக்கு மேல் வாங்காதவர். அவருக்கு நரைத்த விக் வைத்து, டியூபுக்குக் காற்றடிக்கவிட்டு, பொடிப்பயல் ஒருவன் மடியில் போட்டுச் சாகடித்திருந்தார்கள்.

தளராத சிங்கம் ரசிகர் மன்றத்தின் ராஜபாளையம் கிளை இதை முறைப்படி எதிர்கொண்டது. முதலில் போஸ்டர். மன்றத்தார் ஒட்டிய போஸ்டரில் அண்ணன் ஆளுயரத்துக்கு நின்றார். அவர் கக்கத்துக்குக் கீழே கத்தரிக்காய் அளவில் பாலன் தெரிந்தான். ‘அண்ணனின் மாணவராக நடிக்கும் பேறு பெற்றவர்’ என்று கீழே எழுதியிருந்தது. அடுத்தது முதல் நாள் முதல் காட்சி. பதிமூன்றாவது ரீலில் அண்ணன் மார்பில் இடி விழுந்தது. அவர் கண்ணை மூடுவதற்குள் மன்றத்தார் ஆபரேட்டர் அறைக்கு ஓடி மிஷினை நிறுத்திவிட்டார்கள். ஆக, ராஜபாளையத்தில் அவர் சாகவில்லை. இது சட்டப்படி நிலைநாட்டப்பட்ட விஷயம்.

கிளைச் செயலாளர் சிவனாண்டி அன்று திரைக்கு முன்னால் ஏறி, உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திச் சத்தியம் செய்தார்.

“தாய்மாரே, கேட்டுக்கிடுங்க! அண்ணன் இந்த ஊரு எல்லைக்குள்ள சாகமாட்டாரு. செத்தாருன்னா நான் மீசையச் சிரைச்சுட்டு மில்லுக்குப் போறேன்!”

சிவனாண்டி நூற்பு மில்லில் வேலை பார்த்தார். ஓடுகிற மிஷினிலிருந்து நிறைந்த நூல்கட்டைகளைக் கழற்றிவிட்டு வெறும் கட்டைகளை மாட்டுகிற வேலை. அங்கே அவரை இருபது வயசுப் பையன்கூட “ஏலே சிவனாண்டி” என்பான். கொட்டகை வாசலில் மட்டும் அவர் “செயலாளரண்ணே”. அந்த ஒரு சொல்லுக்காக ஷிப்ட் முடிந்ததும் தலையில் பஞ்சோடு ஓடி வருவார். மீசை பெரிய மீசை. அதிலும் பஞ்சு இருக்கும்.

மன்றத்தின் தீர்மானம் இப்படி ஆயிற்று: பதிமூன்றாவது ரீல் ராஜபாளையத்தில் ஓடாது. அதற்குப் பதில் ஐந்தாவது ரீல் இரண்டாம் முறை ஓடும். ஐந்தாவது ரீலில்தான் மாஸ்டர் பாலனுக்கு முதல் பாடம் நடத்துகிறார். எனவே ராஜபாளையத்தில், வில்லனுடைய ஹெலிகாப்டரையே மின்னலால் பொசுக்கிவிட்டு வந்த பாலன், சைக்கிள் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “மாஸ்டர், மின்னல்னா என்ன?” என்று கேட்பான். மாஸ்டர் முழு ஆரோக்கியத்துடன், “கைய மடக்குடா மொதல்ல,” என்பார். கொட்டகை அதிரும். அடுத்த ரீலில் பாலன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சுடுகாட்டில் கொள்ளி வைத்து அழுவான்.

“இது யாருண்ணே செத்தது?” என்று முதல் வாரம் வைகுண்டராஜ் சிவனாண்டியிடம் கேட்டான்.

“தம்பி, அது பாலனோட அப்பா.”

“அவன் அநாதைன்னு மொத ரீல்லயே சொல்லிட்டாங்களே.”

சிவனாண்டி மீசையிலிருந்த பஞ்சை எடுத்துப் போட்டார். “அதான் இம்புட்டு அழுகை,” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளை நேர் எதிராகத் தீர்மானித்தது. அங்கே கிளைச் செயலாளர் ஐயாதுரை, ஓய்வுபெற்ற போலீஸ்காரர். சாவு அண்ணனுக்குக் கிடைத்த பெருமை, அதை முறையாகக் கொண்டாட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பதிமூன்றாவது ரீல் தொடங்கும் முன்னால் வாசலில் கொட்டு அடிக்கும். அண்ணன் விழும்போது பூ வீசுவார்கள். பெண்கள் பக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். ஐயாதுரை மொட்டை போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பித்தும் வந்தார். படம் விட்டதும் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் கடுங்காப்பி.

திரையில் மாஸ்டர் சாகக் கிடக்கும்போது கிழவி ஒருத்தி தினமும் எழுந்து நின்று, “ஏலே பாலா, அவியளுக்கு ஒரு வாய் தண்ணி குடுலே! பாத்துக்கிட்டே இருக்கியே, பாவிப்பயலே!” என்று கத்துவாள். வைகுண்டராஜ் கதவோரம் நின்று சிரிப்பை அடக்குவான். கேண்டீனில் அந்தக் கிழவி மாதிரி எழுந்து நின்று காட்டுவது எப்படி என்று மனசுக்குள் ஒத்திகை பார்ப்பான்.

பதிமூன்றாவது ரீல் ராஜபாளையத்துக்கு வேண்டாததால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடியிருந்தது. ஐந்தாவது ரீல் மட்டும் தினமும் ஓடிவிட்டு, மறுபடி ஓடுவதற்காக ராஜபாளையம் திரும்பி வரும். அந்த ரீல் வரும்போது வாசலில் சிவனாண்டி தட்டில் கற்பூரம் ஏற்றிக் காத்திருப்பார். டப்பாவுக்குத் தீபாராதனை காட்டி, மூடியில் குங்குமம் வைத்து, ஆபரேட்டரிடம் கொடுப்பார். அண்ணனுக்கு உயிர் கொண்டுவருகிற டப்பா அல்லவா.

“மெதுவா வாங்க தம்பி,” என்பார் வைகுண்டராஜிடம். “பின்னாடி கேரியர்ல அண்ணன் உக்காந்திருக்காரு.” வெயில் நேரத்தில் ஈரத் துண்டைப் பிழிந்து அவன் கழுத்தில் போடுவார். டயரில் காற்று இருக்கிறதா என்று கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். மில் வாசலில் வாங்கிய பதநீரைப் பனையோலையோடு பிடித்துக்கொண்டு நிற்பார். இதையெல்லாம் வைகுண்டராஜ் ஆராய்ச்சிக் குறிப்பாக எடுத்துக்கொண்டான். பதநீரைக் குடிக்கவும் செய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தலைவர் தனுஷ்கோடி வருகிறார் என்றார்கள். படத்தின் வெற்றி விழா. அதே மேடையில் சிவனாண்டியை மாவட்டத் துணைச் செயலாளராக அறிவிக்கப் போகிறார்கள். சிவனாண்டி மில் லைன் வீடுகளில் ஒன்றுவிடாமல் போய் அழைத்திருந்தார். அவர் மனைவி முத்துப்பேச்சி, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வைகுண்டராஜும் கிருஷ்ணன்கோவில் கூட்டாளிகள் நாலு பேரை அழைத்திருந்தான். அவர்களிடம், “சாயங்காலம் ஒரு வேடிக்கை இருக்கு,” என்று மட்டும் சொல்லிவைத்தான்.

வேடிக்கை சின்னதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபரேட்டர் அறையில் ஐந்தாவது டப்பாவும் பதிமூன்றாவது டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நம்பர் மூடியில்தான் எழுதியிருக்கும். மூடியை மாற்றிப் போட்டான். அவ்வளவே. அதற்குத் தேவையான நேரம், ஒரு பீடியைப் பற்ற வைக்கிற நேரம்.

ராஜபாளையம் வாசலில் சிவனாண்டி வழக்கத்தைவிடப் பெரிய கற்பூரம் ஏற்றியிருந்தார். புது வேட்டி. மீசையில் அன்று பஞ்சு இல்லை. டப்பாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “போயிட்டு வாங்கண்ணே,” என்று டப்பாவிடம் சொல்லி உள்ளே அனுப்பினார்.

வைகுண்டராஜ் கூட்டாளிகளோடு சுவரோரம் நின்றான். செருப்புப் பறக்கும், நாற்காலி உடையும், தலைவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று எதிர்பார்த்தான். சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தான்.

திரையில் சைக்கிள் கடை வரவில்லை. இடி வந்தது. மாஸ்டர் பாலனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து மார்பைக் காட்டினார். விழுந்தார். பையன் மடியில் தலை சாய்த்து, “இனிமே நீதான்டா,” என்றார். கண்ணை மூடினார்.

ஒரு செருப்பும் பறக்கவில்லை. விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு எல்லாத் தலையும் மெல்லத் திரும்பி, திரையைவிட்டு, சிவனாண்டியைப் பார்த்தன. அவர் மேடை ஓரம் ரோஜா மாலையைத் தலைவருக்குப் போடத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். கை இறங்கவில்லை. முத்துப்பேச்சி மட்டும், “அய்யோ, இந்த மனுசன் சத்தியம் பண்ணிட்டாரே!” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கூட்டாளிகளில் ஒருத்தன் வைகுண்டராஜின் விலாவில் இடித்து, “வேடிக்க எப்பலே?” என்று கேட்டான். வைகுண்டராஜ் வாயை மூடிக்கொண்டான். திறந்தே வைத்திருந்ததால் உலர்ந்து போயிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில், சாகவேண்டிய இடத்தில் மாஸ்டர் பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பூவோடு நின்ற கூட்டம் ஏமாந்து போயிற்று. எங்கள் துக்கத்தை ராஜபாளையத்தான் திருடிவிட்டான் என்று ஐயாதுரை மாவட்டத் தலைமைக்கு உடனே போன் போட்டார்.

மறுநாள் காலை, பரிபூரணம் டாக்கீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் விசாரணை. மாவட்டத் தலைவர் தனுஷ்கோடி உரக்கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, நாலு மோதிரம். நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நாவிதர் ஒருவர் பெட்டியோடு தயாராக இருந்தார்.

“நம்ம மன்றத்துல ஜனநாயகம்தான் உயிர்மூச்சு,” என்று தொடங்கினார் தனுஷ்கோடி. “தீர்ப்ப நான் ஒருத்தனா எழுதல. நானும் எங்க மச்சினனும் சேந்துதான் எழுதினோம். நேத்தே எழுதி முடிச்சாச்சு. அதனால விசாரணைய அவசரமில்லாம, நிதானமா, நேர்மையா நடத்தலாம்.”

கைதட்டல்.

“அண்ணன் நமக்குத் தலைக்கனம் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காரு. இந்த மாவட்டத்துல தலைக்கனமே இல்லாத ஆளு நான் ஒருத்தன்தான். எந்த மேடையிலயும் அடிச்சுச் சொல்லுவேன். நேத்து அண்ணன் சாகும்போது நான் பாக்கல. அந்நேரம் எனக்கு வந்த மாலைகளச் சரிபாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா அண்ணன் பிரமாதமா செத்தாருன்னு கேள்விப்பட்டேன். அந்தச் சாவ ஊருக்குள்ள விட்டது யாரு?”

“நான்தாங்க,” என்றார் சிவனாண்டி. “கற்பூரம் காட்டுனது நான். மூடியத் தொறந்து பாத்திருக்கணும். பாக்கல.”

“ஆக, மரணத்துக்கு ஆரத்தி எடுத்திருக்கீரு.”

“ஆமாங்க.”

“டப்பாவத் தூக்கிட்டு வந்த பையன் மேல தப்பு இருக்குமோ?” என்று யாரோ கேட்டார்கள்.

சிவனாண்டி அவசரமாகக் கையை ஆட்டினார். “தம்பிய விட்டுருங்க. படிக்கிற புள்ள. அவனுக்கு எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு என்னத்தத் தெரியும்? வெயில்ல வாரான், போறான். ஒரு நா முகஞ்சுளிச்சது கிடையாது.”

வைகுண்டராஜுக்கு இடது பக்கம், ஈரலோ வேறு எதுவோ, என்னவோ செய்தது. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“நான்தான் மாத்துனேன்,” என்றான். “வேணும்னே மூடிய மாத்திப் போட்டேன். செயலாளரண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது.”

தனுஷ்கோடி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி மன்ற உறுப்பினரா?”

“இல்ல.”

“அப்ப ஒக்காருங்க. உறுப்பினர் இல்லாதவருக்கு மன்றத்துக்குள்ள குத்தம் செய்ய உரிமை கிடையாது. நாளைக்கி ரோட்டுல போறவன் வாரவன்லாம் வந்து நானும் செஞ்சேன், நானும் செஞ்சேன்னு கிளம்பிட்டா, காலங்காலமா உழைச்ச உறுப்பினருக்கு என்ன மரியாதை?”

கூட்டம் இதை ஏற்றுக் கைதட்டியது. சிவனாண்டிகூடத் தலையாட்டினார்.

“அப்ப நான் உறுப்பினராச் சேந்துக்கிடுதேன்,” என்றான் வைகுண்டராஜ். குரல் அவனுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. “சேந்துட்டுச் சொல்லுதேன்.”

மன்றத்தில் சேருவது லேசுப்பட்ட காரியமில்லை. கிளைச் செயலாளர் கைப்பட முன்மொழிய வேண்டும். கிளைச் செயலாளரோ குற்றவாளி. ஆனால் தீர்ப்பு இன்னும் வாசிக்கப்படாததால் அவர் இன்னும் செயலாளர்தான் என்று தலைவருடைய மச்சினன் சட்ட நுணுக்கத்தை விளக்கினார். சிவனாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பதவியில் இருந்து அவர் செய்த கடைசி வேலை அது.

“நல்ல பையங்க,” என்றார். “நான் பொறுப்பு.”

வைகுண்டராஜைக் கட்-அவுட்டின் காலடியில் நிறுத்தினார்கள். இருபதடி மேலே தளராத சிங்கம் பங்சர் டியூபோடு சிரித்துக்கொண்டிருந்தார். “அண்ணன் நடந்தால் பின்னால் நடப்பேன். அண்ணன் நின்றால் பின்னால் நிற்பேன். அண்ணன் மெட்ராஸில் இருந்தால் நான் இங்கேயே இருப்பேன்,” என்று உறுதிமொழி எடுத்தான். நெஞ்சில் பேட்ஜ் குத்தினார்கள். ஊசி லேசாகத் தோலிலும் குத்திற்று.

“இப்பச் சொல்லலாமா?” என்றான்.

“புது உறுப்பினர், அண்ணனோட அடுத்த படம் வெளிவர வரைக்கும் கூட்டத்துல வாயத் தொறக்கக் கூடாது,” என்றார் மச்சினன். “அது அடக்கத்தைக் கத்துக்கிடுறதுக்காக.”

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சிவனாண்டி பதவியிலிருந்தும் மன்றத்திலிருந்தும் நீக்கம். பரிபூரணம் டாக்கீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. சத்தியம் செய்தபடி மீசை. நாவிதர் தண்ணீர் தெளித்தார். சிவனாண்டி முகத்தை வாகாகக் காட்டிக்கொண்டு, “ஆழமா எடுத்துராதிய, நாளைக்கி மில்லு இருக்கு,” என்றார். மீசை போனதும் அவர் முகத்தில் வாய் எங்கே இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அது ரொம்பச் சின்ன வாய். பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன் வாய் மாதிரி இருந்தது.

“செயலாளர் நாற்காலி ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கக் கூடாது,” என்றார் தனுஷ்கோடி. “படிச்ச பிள்ளைங்க மன்றத்துக்கு வாரது இல்லன்னு ஒரு குறை இருந்தது. இன்னைக்குத் தீந்துச்சு. நம்ம வைகுண்டராஜ் தம்பியத் தற்காலிகச் செயலாளராப் போடுதேன். மறுப்பு இருந்தா அவரே சொல்லலாம்.”

வைகுண்டராஜ் வாயைத் திறந்தான். மச்சினன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மாமாவிடம் சொல்லிப் பார்த்தான். சோலைராஜ் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். “வாய மூடிக்கிட்டுக் கிட மாப்ள. கொட்டகை ஆளே பண்ணுனதுன்னு தெரிஞ்சா ரெண்டு ஊர்க்காரனும் ஸ்கிரீனக் கிழிச்சுருவான்.” பிறகு துப்பிவிட்டு, “அந்தப் பேட்ஜ நேராக் குத்து. கோணலா இருக்கு,” என்றார்.

மூன்றாம் நாள் முத்துப்பேச்சி மார்க்கெட் முனையில் டிவிஎஸ் 50-யை மறித்தாள்.

“நீதானே புதுச் செயலாளரு?”

“ஆமாக்கா.”

“அந்த மனுசன் மில்லுல மூஞ்சியத் துண்டால மூடிக்கிட்டு வேல பாக்காரு. சின்னப் பயலுக துண்ட இழுத்துவிட்டுச் சிரிக்கானுக. வீட்டுல வந்து சுவத்தப் பாத்துப் படுக்காரு. சாயங்காலம் ஆனா எங்கியோ கிளம்பிருதாரு. எங்கன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்காரு.” அவள் அவனுடைய பேட்ஜைப் பார்த்தாள். “அவரு ஒன்ன ரொம்ப நல்ல பையன்னு சொன்னாரு. அவர ஒருக்காப் பாத்துப் பேசுப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

வைகுண்டராஜ் தலையாட்டினான். வண்டி கிளம்ப மறுத்தது. பெடலை மிதிமிதி என்று மிதித்தான்.

இதற்குள் செயலாளர் பதவிக்குரிய வேலைகள் அவன் தலையில் விழுந்திருந்தன. ஐந்தாவது ரீலைத் தானே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி முன்னால் போய், தானே கொண்டுவந்த டப்பாவுக்குத் தானே கற்பூரம் காட்டுவான். மூடியைத் திறந்து பார்ப்பான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று கண்ணிலும் ஒற்றிக்கொள்வான். கூட்டாளிகளில் ஒருத்தன் ஒருநாள் வந்து இதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் திரும்பிப் போனான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சிவனாண்டி சாயங்காலம் எங்கே போகிறார் என்பது சனிக்கிழமை தெரிந்தது. கடைசி ரீல்களைச் சின்னப் பரிபூரணத்தில் இறக்கி வைத்துவிட்டு வைகுண்டராஜ் உள்ளே எட்டிப் பார்த்தான். தரை டிக்கெட்டில், மணலில், முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஓர் ஆள். துண்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. வைகுண்டராஜ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வாங்க செயலாளரே,” என்றார் சிவனாண்டி எழுந்திருக்கப் பார்த்து. அவருக்குக் கிண்டல் தெரியாது, மரியாதைக்குத்தான் சொன்னார். “இங்கன வரக் கூடாதுன்னு தீர்ப்புல இல்லீல்ல? ராஜபாளையம் வாசலத்தானே சொன்னாங்க?”

“அண்ணே, உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கிச் சொன்னது நெசம். மூடிய மாத்துனது நான்தான். எங்க காலேஜ்காரப் பயலுகளுக்கு வேடிக்க காட்டணும்னு செஞ்சேன். உங்க மீச போனது என்னால.”

சிவனாண்டி அவன் பக்கம் திரும்பினார். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை கலங்கின.

“எம்புட்டுப் பெரிய மனசு தம்பி ஒங்களுக்கு,” என்றார்.

“இல்லண்ணே...”

“சும்மா இருங்க. எனக்குத் தெரியாதா? கூட்டத்துலயே பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிட்டீங்க. இப்ப இங்க வந்தும் சொல்லுதீங்க. பாலனுக்கு விழுந்த இடிய அண்ணன் தன் நெஞ்சுல வாங்குனாரே, அதத்தானே செய்யுதீங்க? இந்தப் படம் ஒரு படிச்ச பிள்ள மனசுல இம்புட்டுத் தூரம் இறங்கியிருக்குன்னா...” துண்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். “நான் மன்றத்துல இருந்ததுக்கு இது போதும் தம்பி.”

“அண்ணே, சத்தியமா நான்தான்.”

“சத்தியம்லாம் பண்ணாதீங்க,” என்றார் சிவனாண்டி பயந்துபோய். “நான் பண்ணித்தான் பாத்தேன்லா.”

வாசலில் கொட்டு அடித்தது. பதிமூன்றாவது ரீல் தொடங்கிற்று. இடி இறங்கியது. பூக்கள் பறந்தன. கிழவி எழுந்து நின்று பாலனைத் திட்டினாள். சிவனாண்டி துண்டை முழுசாக முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். இனி இவரிடம் சொல்லிப் பயனில்லை. தலைவரிடம் சொல்லச் சட்டம் இல்லை. மாமாவிடம் சொல்லியாயிற்று. முத்துப்பேச்சியிடம் சொல்லத் தைரியம் இல்லை.

திரையில் மாஸ்டர் சாவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். டைரக்டர் அப்படித்தான் எடுத்திருந்தார். பையன் மடியில் தலை வைத்து, கொட்டகைப் பக்கமாகத் திரும்பி, கண்ணை அகல விரித்து, ரொம்பப் பொறுமையாகப் பார்த்தார். எதையும் கேட்டுக்கொள்ளத் தயார் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. உறுப்பினரா இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

வைகுண்டராஜ் அக்கம்பக்கம் பார்த்தான். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

“அண்ணே,” என்றான், உதடு மட்டும் அசைய. “நான்தாண்ணே மூடிய மாத்துனேன்.”

மாஸ்டர் கண்ணை மூட இன்னும் கொஞ்சம் பிலிம் பாக்கியிருந்தது. அதற்குள் மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவன் மூக்கைச் சிந்திவிட்டு, வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தான்.